மாத்திரைக்கு ஒரு வரவேற்பு

வாசுதேவன் வயிற்றுக்குள் புதிதாக வந்திறங்கிய காய்ச்சல் கிருமி நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவர் மாத்திரை போடப் போறாராம்."

"போடட்டும்," என்றது அங்கேயே பிறந்து வளர்ந்த சாதுக் கிருமி. "அதை முறியடிக்கிற வித்தை என்கிட்ட இருக்கு. உனக்கும் ஒரு நகல் தரேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"எல்லாம் நம்ம வீட்டுக்காரர் வாசுதேவன் புண்ணியம். ரெண்டு நாள் மாத்திரை போடுவார், காய்ச்சல் விட்டதும் நிறுத்திடுவார். சோப்ளாங்கிங்க செத்துப்போகும். வித்தை தெரிஞ்சதுங்க மிஞ்சி, பெருகிடும்."

அக்கா, காய்ச்சல் கிருமியோடு ஒட்டி நின்று, மெல்லிய குழாய் நீட்டி நகலைக் கொடுத்தது.

சற்று நேரத்தில் மாத்திரை மிடுக்காக உள்ளே இறங்கியது. காய்ச்சல் கிருமி நகர்ந்து இடம் விட்டது.

"வாங்க மாமா, உக்காருங்க. வழக்கம்போல ரெண்டு நாள்தானே?"