மெதுவான விமானம்

“பிசினஸ் கிளாஸ்தான் வேணும். ஆனா இருக்கறதுலயே மெதுவாப் போற விமானமாப் பாருங்க” என்றார் வந்தவர்.

டிராவல் ஏஜென்சிப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். “அட்லாண்டிக்கை எப்படா தாண்டுவோம்னுதான் சார் எல்லாரும் பறப்பாங்க.”

“எனக்கு அவசரம் இல்லம்மா.”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “இதப் பாருங்க. ஆளுக்கொரு தனி ரூம் மாதிரி. கதவே இருக்கு. பக்கத்து சீட்டுத் தொந்தரவே கிடையாது.”

“ஐயோ, தடுப்பே வேண்டாம்மா. ரெண்டு படுக்கையும் ஒட்டி இருக்கணும்.” ஏறக்குறையக் கெஞ்சினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “புரியுது சார். நடு வரிசையில தடுப்பை இறக்கி விட்டுக்கலாம். புதுசாக் கல்யாணமா?”

அவர் காது மடலைத் தடவிக்கொண்டே, “வழியில எங்கயாவது இறங்கி ஏறுற மாதிரி இருந்தாக்கூட நல்லது” என்றார்.

“இருக்கு. ஆனா பாதி நாள் வீணாப் போயிடும்.”

“அதையே போடுங்க.”

“சரி, ரெண்டு பேரும் எப்போ திரும்பறீங்க?”

“நான் மட்டும்தான். மறுநாளே. அதுக்கு சாதா சீட்டு போதும்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்போ மேடம்?”

“மேடம் இல்ல, என் பொண்ணு. ஆறு வயசு. அங்க இறங்கினதும் அவங்கம்மாகிட்ட விட்டுடணும்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க.” அவர் கை மறுபடியும் காது மடலுக்குப் போனது. “என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.”

அந்தப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைவிட மெதுவான விமானம் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலிருந்து தேட ஆரம்பித்தாள்.