சின்ன ரூம் ரேடியேட்டர்

"யாருமே இல்லாத ரூமுக்கு எதுக்கு ஷெரில் இவ்வளவு சூடு?"

நான் இதைக் கேட்டதும் ஷெரில் எழுந்துகொண்டாள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். கெட்டிலில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

இங்கிலாந்தில், பர்ன்லியில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் எங்கள் தெரு வீடுகளில் யார் கேஸ், கரண்ட் கம்பெனி மாற்றினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டெரெக் கணக்குப் போட்டால் ஒரு பென்னி பிசகாது என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

அடுத்த வீட்டு கீத்தும் அவன் மனைவி ஷெரிலும் அன்று கூப்பிட்டதும் அதற்குத்தான். அவர்களுடைய பழைய கட்டணத் திட்டம் அன்றோடு முடிகிறது. அதற்குள் புதிதாக ஒன்றைப் பிடிக்காவிட்டால் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ரேட் போட்டுவிடும். கீத்துக்குக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஃபேக்டரியில் ஓவர்டைமே இல்லை. காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பில்லைப் பார்த்து, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று லேப்டாப்பில் தட்டினேன். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு அது அநியாயம். எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததில் பிடித்துவிட்டேன். மாடியில், பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிற சின்ன ரூமில், பாய்லர் வெந்நீர் ஓடி ரூமைச் சூடாக்குகிற ரேடியேட்டர் கையை வைக்க முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது.

கீத்தின் முகம் சிவந்துவிட்டது. "அது மூடியிருக்குன்னுல்ல நான் நினைச்சேன். திறந்து விட்டது நீயா ஷெரில்?"

"ஆமா."

"எதுக்கு?"

"பெட்டியெல்லாம் ஈரம் பிடிச்சுடும்."

பெட்டிகளில் இருந்தது கிறிஸ்துமஸ் ஜோடனைச் சாமான். பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அடுத்தவர் ஊதாரித்தனத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னைப் பாரு கீத். இந்தக் குளிர்காலத்துல ஒரு நாள் வீட்டைச் சூடாக்க பாய்லரைப் போட்டிருப்பேனா? ரெண்டு ஸ்வெட்டர், ஒரு குல்லா, அவ்வளவுதான். ஆனா என் பெட்ரூம்ல வந்து பாரு, கதகதன்னு இருக்கும். அந்தக் காலத்துச் செங்கல்லு. மீதி மனக்கட்டுப்பாடு."

டிப்போவில் என் வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அந்தப் பயத்தில்தான் பாய்லர் பக்கம் போவதில்லை என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. தெருவில் யாரிடமும் சொன்னதில்லை.

ஷெரில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டு திட்டங்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு விளக்கினேன். முதலாவதில் தினமும் கட்டியாக வேண்டிய கட்டணம் கம்மி, யூனிட் ரேட் ஜாஸ்தி. கொஞ்சமாக எரிக்கிறவர்களுக்கு லாபம். இரண்டாவது நேர் எதிர், நிறைய எரிக்கிற வீட்டுக்கு. சின்ன ரூமை மூடிவிட்டு முதலாவதைப் போட்டால் கீத் மூச்சு விடலாம்.

"ரெண்டாவதைப் போடலாம்" என்றாள் ஷெரில்.

கீத் எழுந்தேவிட்டான். "காரை வித்தாச்சு. காலி ரூமைக் காய வைக்க இன்னும் எதை விக்கணுங்கிற?"

"அதை மட்டும் மூடச் சொல்லாத கீத். ஹால்ல வேணா சூடே வேண்டாம். நான் போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துக்கறேன்."

"காரணத்தைச் சொல்லு, விட்டுடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீக் கப்புகளை எடுக்க ஆரம்பித்தாள்.

என்ன பிடிவாதம் பிடித்த பெண், இவளைக் கட்டிக்கொண்டு கீத் எப்படிக் கரையேறுவான் என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டேன். நானே மாடிக்குப் போய் ரேடியேட்டர் திருகை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். இன்றைக்கே முதல் திட்டத்தில் பதிந்துவிடு என்று கீத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் வாசல் தாண்டும்போதே உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது என் மூச்சு எனக்கே புகையாகத் தெரிந்தது. ராத்திரியெல்லாம் இருமியதில் விலா வலித்தது. போன குளிர்காலத்தில் ஒரு மாதம் என்னைப் படுத்தி எடுத்த அதே இருமல். இந்த வருஷம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தது.

எழுந்திருக்கக் கட்டிலை ஒட்டின சுவரில் கை ஊன்றினேன். ஐஸ் மாதிரி இருந்தது. நேற்று வரை அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பேன், அவ்வளவு இதமாக இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கீத் வீட்டுச் சின்ன ரூம்.

வெட்கத்தில் காது சூடானது. வீட்டில் அப்போது சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீத், வேலைக்குப் போகிற உடுப்பில் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் படியைப் பார்த்தான்.

"எந்தத் திட்டம் போட்டே?" என்று கேட்டேன்.

"ரெண்டாவதுதான்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீங்க இருமினது எங்க ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம்தான் ஷெரில் எங்கிட்ட காரணத்தைச் சொன்னா. இப்பத்தான் அந்த ரேடியேட்டரைத் திறந்துட்டு வரேன், ஒரு மணி நேரத்துல சரியாயிடும். அவ உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா."

"என்ன?"

"கட்டிலை மட்டும் அந்தச் சுவரை விட்டு நகர்த்திடாதீங்கன்னு."