முன்வரிசைக் கைதட்டல்

கண்ணாடிக் கடைக்காரர் மைக்கை வாங்கியதும் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பள்ளிக்கூட மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் மூன்று வேட்பாளர்கள். நடுவில் இருந்தவர் வக்கீல். அவருடைய மனைவி முன்வரிசையில், கொழுந்தனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

தேர்தல் வேலை முழுவதும் கொழுந்தன் பொறுப்பு. அண்ணி முதலில் கை தட்டினால்தான் பின்னால் இருப்பவர்கள் தட்டுவார்கள் என்று கிளம்பும்போதே சொல்லி வைத்திருந்தான்.

கடைக்காரர் வம்புக்கு வந்தவர் மாதிரி இல்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போலப் பணிவாக நின்றார்.

தன் மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வரப்போகிறதாம். ஜோடியில் ஒருவர் மற்றவரின் மதத்துக்கு மாறினால்தான் கல்யாணத்தைப் பதிவு செய்வார்களாம். அங்கே போய்க் கை தூக்கப் போகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஓட்டுப் போடுவது?

“அதனால கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க,” என்றார் வக்கீலைப் பார்த்து. “உங்க மதத்துல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? அதுக்கு வெளிய இருக்கறவங்கள நீங்க என்னன்னு நெனைக்கறீங்க?”

மண்டபத்தில் சலசலப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். கேட்டால் என்ன, நாளைக்கு நம் தலையில்தானே விடியும் என்று இன்னொரு குரல் வந்தது.

முன்வரிசையில் வக்கீலின் மனைவி கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

வக்கீல் எழுந்தார். பச்சைத் தண்ணீரைப் பால் என்று வாதாடி ஜெயிப்பவர் என்று கோர்ட்டில் பேர் எடுத்தவர். இன்றைக்கு அந்தக் கோர்ட்டுக் குரலை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர் மாதிரிப் பேசினார்.

ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு யாரை நினைக்கிறான் என்பது அவனுக்கும் அவன் கடவுளுக்கும் நடுவே இருக்கிற விஷயம் என்றார். ரோடு போட்டாயா, ஆஸ்பத்திரிக்கு மருந்து வரவழைத்தாயா என்று கேளுங்கள், சட்டையைப் பிடித்துக்கூடக் கேளுங்கள் என்றார். இன்றைக்கு வேட்பாளரிடம் கேட்கிற கேள்வியை நாளைக்கு வேலை தேடி வருகிறவனிடம் கேட்பார்கள், வாடகைக்கு வீடு தேடுகிறவளிடமும் கேட்பார்கள் என்றார்.

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அதுதான் நெஞ்சை அறுத்தது.

பிறகு வக்கீல் குரலைத் தாழ்த்தினார்.

“மடியில கனமில்ல, அதனால தைரியமா சொல்றேன். இந்தக் கேள்விய நான் கோர்ட்ல ஒருத்தரையும் கேட்டதில்ல. என் வீட்டுலயும் கேட்டதில்ல.”

சொல்லும்போதே அவர் கை முன்வரிசைப் பக்கம் நீண்டது.

மண்டபமே அவளைப் பார்த்தது.

கொழுந்தன் முழங்கையால் லேசாக இடித்தான்.

அவள் தட்டினாள்.

அவள் தட்டியதும் அடைமழை பிடித்துக்கொண்ட மாதிரி எல்லோரும் தட்டினார்கள். கடைக்காரரும் மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார். அது ஒலிபெருக்கியில் தடதடவென்று இடிக்க, கூட்டம் சிரித்தது. அவரும் வெட்கத்தோடு சிரித்தார்.

அந்தச் சிரிப்பில், மசோதாவுக்கு எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று வக்கீல் சொல்லவே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள்.

கூட்டம் கலைந்தபோது வக்கீலைச் சுற்றி ஆட்கள் மொய்த்தார்கள். கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கொழுந்தன் அண்ணியைத் தேடினான். படத்தில் குடும்பமாக நின்றால்தான் எடுபடும்.

அவளோ ஆட்களை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கால்கள் போயின.

கடைக்காரர் படியில் நின்று வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். தங்கமான மனுஷன், வீட்டிலேயே கேட்டதில்லையாம், நம் ஓட்டு அவருக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கொடுத்து வைத்தவரம்மா நீங்கள் என்றார்.

அவள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்தாள்.

“உங்க பொண்ணுகிட்ட, பேர மட்டும் மாத்திக்க வேணாம்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் எப்படியோ பழகிடும். அது பழகாது.”

கடைக்காரருக்கு முதலில் பிடிபடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் அப்படி யாரும் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு பாதியில் நின்றது. போனுக்குள் அவர் மனைவி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள்ளிருந்து வக்கீல் ஒரு பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர்.

கூப்பிடுவது தன்னைத்தான் என்று புரிய, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.