துரை வீட்டு மீ

"மாட்டுக் கறி சமைக்கிறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

கேட்டவர் கார்த்திகேசு. ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர்.

"சமைக்கிறேன் ஐயா" என்றான் சன்னாசி.

கோயில் கொட்டகையில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சன்னாசி துரை பங்களாவில் சமையல்காரன். திருவிழாவின் கடைசி நாள் அன்னதானத்துக்கும் இருபது வருடமாக அவன்தான் சமையல். துரையம்மா இத்தாலிக்காரி. பங்களாவில் கறி வேகும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என்ன கறி என்று இந்த 1976ஆம் வருடம் வரை யாரும் கேட்டதில்லை. போன வாரம் ஈப்போ பாசாரில், மாட்டிறைச்சிக் கடை முன்னால் அவன் நிற்பதை, அன்னதானச் சமையலில் அவனுக்கு எடுபிடியாக இருக்கும் பத்துமலை பார்த்துவிட்டான். அதனால்தான் இந்தக் கூட்டம்.

"அப்பிடி என்னாதான் அங்க ஆக்குறீங்கண்ணே?" என்றான் பத்துமலை.

"ஸ்பகெட்டி. நம்ம சீனன் கடை மீ மாதிரி நூல் நூலா இருக்கும்லா. கறியக் கொத்தி, தக்காளி போட்டு, சிறு தீயில மூணு மணி நேரம் வேக வைக்கணும்."

"மூணு மணி நேரமா? அம்புட்டுக் கெழட்டு மாடா?"

கொட்டகை சிரித்தது. கார்த்திகேசு சிரிக்கவில்லை.

"ருசி பாப்பியா?"

"இல்ல ஐயா. உப்பு சரியான்னு தோட்டக்கார ஓஸ்மான் பாத்துச் சொல்லுவாரு. நான் நாக்குல வச்சதில்ல. கோயிலுக்கு வாரப்ப தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வாரேன்."

"குளிச்சா போயிருமா?"

கார்த்திகேசு வலது கையைத் தூக்கிக் காட்டினார். அன்று காலையில் கட்டிய மஞ்சள் காப்பு.

"பத்து நாளைக்கு நான் கவுச்சி தொடமாட்டேன். ஆத்தாவுக்கு அவ்வளவு சுத்தம் வேணும். மாட்டத் தொட்ட கையால ஆக்குன சோத்த ஜனங்களுக்கு எப்பிடிப் போடுறது? இந்த வருசம் நீ வேணாம் சன்னாசி. இனிமேலும் வேணாம்."

சன்னாசி துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"அப்ப யாரு சமைக்கப் போறா ஐயா?"

"பத்துமலை."

"உப்பக் கம்மியாப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதத்துக்கு ஒரு தடவை துரை தன் ஆபீஸ்காரர்களைப் பங்களாவுக்கு அழைத்து மதியச் சாப்பாடு போடுவார். வழக்கமாக உதவிக்கு வரும் காளியம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் சன்னாசியின் மனைவி நல்லம்மாள் முதல் முறையாகப் பங்களாக் குசினிக்கு வந்திருந்தாள்.

வெங்காயம், காரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கியாயிற்று. ஒன்பது மணிக்கு ஏற்றிய சட்டி பன்னிரண்டு மணிக்கும் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சன்னாசி அதில் ஒரு கோப்பைப் பால் ஊற்றினான்.

"கறியில பாலா?" என்றாள் நல்லம்மாள்.

"அவங்க ஊர்ல அப்பிடித்தான்."

"மொளகா?"

"கெடையாது."

"மொளகாயில்லாத கறிக்கா மூணு மணி நேரம்!"

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள்; ஒருவரைத் தவிர எல்லாரும் சீனர்களும் வெள்ளைக்காரர்களும். தட்டுகளைச் சன்னாசியே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த நல்லம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இங்க வாங்க. கிராணி திங்கிறாரு."

"திங்கட்டும்."

"நீளக்கைச் சட்டைய இழுத்துவிட்டுக் காப்ப மறச்சிக்கிட்டு, முள்ளுக்கரண்டில சுத்திச் சுத்தித் திங்கிறாருங்க!"

"மொள்ளப் பேசு."

"எதுக்கு மொள்ள? ஒங்கள வெளிய தள்ளி மூணு நாளாகல. அன்னிலேருந்து நீங்க சரியாச் சாப்புடல. இருங்க, நம்ம லயத்து வீடுங்கள்ல போயி நாலு பேரக் கூட்டிட்டு வாரேன். வந்து பாக்கட்டும் தலைவரோட சுத்தத்த."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குள் துரையம்மா மலாயில் குரல் கொடுத்தாள்.

"சன்னாசி! கிராணிக்குத் தம்பா!"

கிராணிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

"வேணுமாம்லா? நல்லா அள்ளி வைக்கிறேன்." நல்லம்மாள் பெரிய சட்டியின் மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டாள்.

சன்னாசி அவள் கையைப் பிடித்தான்.

"அதுல இல்ல."

மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு சின்னச் சட்டி இருந்தது. அதை இறக்கினான். அதே சிவப்பு, அதே கெட்டி.

"இது என்னா?"

"சீனன் சைவக் கடைல வாங்குனது. கோதும மாவுல செஞ்ச கறி. மத்த மாசம்னா ஆட்டுக் கறி போடுவேன். இப்ப காப்பு கட்டியிருக்காருலா."

"கிராணிக்கு மட்டுமா?"

"ஆறு வருசமா. மொத நாளு தட்டுல மாட்டுக் கறின்னு தெரிஞ்சதும் கரண்டியக் கீழ வச்சிட்டாரு. எதுத்தாப்புல துரை. வேணாம்னு சொல்ல வாய் வரல. கண்ண மூடிக்கிட்டு முழுங்குனாரு. அதப் பாத்துட்டு எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சி."

"இது மாவுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாடுன்னுதான் நெனச்சித் திங்கிறாரு."

நல்லம்மாள் மூடியை மெதுவாகப் பெரிய சட்டிமேல் வைத்தாள்.

"இத அன்னிக்கிக் கூட்டத்துல சொல்லியிருந்தா, ஒங்கள நீக்கியிருப்பாங்களா?"

சன்னாசி தட்டில் ஸ்பகெட்டியை வைத்து, மேலே குழம்பை ஊற்றி, விளிம்பைத் துணியால் துடைத்தான்.

"அவர நீக்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போனான்.