எட்டாத கைப்பிடி

"மோட்டார் வேண்டாம்" என்றாள் அந்த அம்மாள்.

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. வழி காட்டும் திரை தன் காரின் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டும், வேண்டும்போது எழும்பி வர வேண்டும் என்று கேட்டதே அவள்தான். அதற்காக அவரும் அவர் மச்சானும் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்று விதமாகச் செய்து மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

பட்டனைத் தொட்டால் மோட்டார் சத்தமில்லாமல் தூக்கும். அது அவருடைய பெருமை.

மூடியை அழுத்தினால் ஸ்பிரிங் திரையைத் துள்ள வைக்கும். அது மச்சானுடைய விளையாட்டு.

மூன்றாவது, பழைய கார் கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. சுற்றச் சுற்ற, பல்சக்கரம் திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். சும்மா ஒப்புக்கு வைத்தது.

அவள் ஸ்பிரிங்கை ஒரு முறை தட்டிப் பார்த்தாள். "ஒரு தட்டுல முடிஞ்சுபோகுது. இது ஒரு வேலையா?" என்று தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றிச் சுற்றிக் கை வலிக்கும் என்றார் பட்டறைக்காரர். நல்லதாகப் போயிற்று என்றாள்.

சரி, தலையெழுத்து என்று ஸ்டியரிங் பக்கம் அளவெடுக்கக் குனிந்தார்.

"அங்கே இல்லைங்க. பக்கத்து சீட்டுக்கு முன்னாடி."

"ஓட்டுறவங்களுக்கு எட்டாதேம்மா. நீங்கதானே ஓட்டுறீங்க?"

"நான்தான். எனக்கு எட்டக் கூடாது."

அதோடும் விடவில்லை. திரை முழுசாக மேலே வந்தால்தான் வண்டியே ஸ்டார்ட் ஆக வேண்டுமாம்.

பட்டறைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். கொம்பு வைத்த காரைப் பார்த்திருக்கிறார். கூரையில் மீன்தொட்டி கேட்டவனைப் பார்த்திருக்கிறார். தன் வண்டியைத் தானே கிளப்ப முடியாதபடி செய்யச் சொன்னவளை இப்போதுதான் பார்க்கிறார்.

மச்சான் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் வாசலைக் காட்டினான். அவள் காரின் பின் சீட்டில் வாட்டசாட்டமான ஒருவர், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன்.

"அவரை வேலை வாங்கறதுக்கு ஒரு மெஷினே கேக்கறாங்க மாமா. எங்க அக்கா காதுல விழுந்துடப் போகுது. உங்களுக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லும்."

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. நேராக அவளிடம் வந்தார்.

"நான் செய்யறதா இல்லை. கட்டின புருஷனை இப்படியா படுத்தறது? வேற பட்டறை பாருங்க."

அவள் கோபப்படவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவர்தாங்க ஓட்டினார். கண்ணு மங்கிடுச்சு. பக்கத்துல இருக்கறதே மசமசன்னு தெரியுதாம். சாவியை என் கையில கொடுத்தவர் பின் சீட்டுல போய் உட்கார்ந்தார். இப்போ அதுக்கும் வர மாட்டேங்கறார். காருக்குள்ள மூட்டை எதுக்குங்கறார். இன்னிக்கே கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிட்டு வந்தேன். கைப்பிடி சுத்தக் கண்ணு வேண்டாமே. அவர் கை படாம இந்த வண்டி நகரக் கூடாதுங்க."

மச்சான் எதையோ தேடுகிறவன் மாதிரி பட்டறைக்குள் போய்விட்டான்.

பட்டறைக்காரர் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். அளவு நாடாவை மறுபடி இழுத்தார்.

"அவருக்கே திடீர்னு உடம்புக்கு ஆகலைன்னா? வண்டியை யார் கிளப்புவா?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. கைப்பிடி இல்லாமலே ஸ்டார்ட் ஆக, ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய ஸ்விட்ச் வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். புருஷனுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று அவள் சத்தியம் கேட்டாள். அவரும் செய்துகொடுத்தார்.

வண்டி எடுக்க வந்த அன்று புருஷனை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். கைப்பிடியைத் தடவிப் பிடித்துச் சுற்றினார். டிக் டிக்கென்று திரை எழும்பியது. இன்ஜின் உறுமியது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், போகலாம்" என்றார். பழைய முதலாளி குரல்.

சில வாரம் கழித்துப் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட வந்தார்கள். புருஷன் முன் சீட்டிலேயே வந்திறங்கினார். நல்ல வெளுத்த சட்டை, வழித்த முகம். அவள் கை கழுவக் குழாயடிக்குப் போன நேரம் பார்த்துப் பட்டறைக்காரரைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அவ சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்கீங்களே."

பட்டறைக்காரர் குழாயடிப் பக்கம் அவசரமாக ஒரு பார்வை பார்த்தார். "அது... ஒரு அவசரத்துக்குன்னு சார்..."

"என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துடுச்சு. துழாவினப்போ கையில தட்டுப்பட்டது. கைப்பிடி சுத்தாமலே கிளப்பத்தான்னு புரிஞ்சுபோச்சு. முதல் வாரமே தெரியும்."

"அப்போ அம்மாகிட்ட..."

"மூச்சு விடாதீங்க."

குழாய் நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள் வந்துகொண்டிருந்தாள். அவர் அவசரமாக முன் சீட்டில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"தனியா ஓட்ட அவளுக்குப் பயம். வாய் விட்டுச் சொல்ல மாட்டா. நான் கூட வரணும்னுதான் இப்படி ஒரு கைப்பிடியைக் கண்டுபிடிச்சு மாட்டியிருக்கா. நானும் கை வலிக்கச் சுத்திக்கிட்டு இருக்கேன், பாவம்."