உடைந்த வளையல்

கட்டைவிரல் முட்டியில் வளையல் நின்றுவிட்டது.

ஏழாம் மாதத்துக் கை. விரலெல்லாம் வீங்கி மினுமினுவென்றிருந்தது.

அவள் மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கோமதி மட்டும் சிரிக்கக்கூட இல்லை. தன் வளைகாப்பில் தன் கையைப் பார்க்காமல், அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. சின்னக் கீறல் என்றாலும் ரத்தம் லேசில் நிற்காது.

ஆபரேஷன் நடந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் கோமதி வைத்ததுதான் சட்டம். அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று. பல் துலக்கப் பச்சைப்பிள்ளைக்கு வாங்குவதுபோல மெத்தென்ற பிரஷ். வீட்டுக்குள்ளும் செருப்பு. முதுகுவலி என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. கல்யாணமாகிப் போன பிறகும் சட்டம் தினமும் போனில் வந்துகொண்டிருந்தது.

இன்று காலையிலும் வந்தது.

"நீ சந்தனம் மட்டும் பூசும்மா. வளையலை மதினி போடட்டும்."

"ஏட்டி, பெத்தவ போடாம ஊர்ல உள்ளவளா போடுவா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், இதற்கு மட்டும் ஆட்டவில்லை.

அழுத்தினாள்.

சடக்.

பாட்டு நின்றது. "ஐயோ, உடைஞ்சிட்டே" என்றாள் யாரோ. சகுனம் பார்க்கிற முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சந்தனத்தில் சிவப்பு கசிந்தது.

கோமதிக்குச் சகுனமாவது ஒன்றாவது. அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, புதுப் பட்டின் முந்தானையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, விடாமல் அமுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்குக் கையில் எங்கும் எரியவில்லை.

குனிந்து பார்த்தாள். தன் கையை அமுக்கிக்கொண்டிருந்த மகளின் கையில், கட்டைவிரலுக்கு அடியில், ஒரு கீறல். ரத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு சொட்டு திரண்டு வழிந்தது.

இன்னொன்று திரண்டது. வழியவில்லை. அப்படியே நின்றது.

மெல்லக் கறுத்தது.

யாரும் துணி வைக்கவில்லை. யாரும் அமுக்கவில்லை. தானாகவே நின்றுவிட்டது.

எத்தனையோ நாளாக ரத்தம் என்றாலே பயந்து கிடந்தவளுக்கு, அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் சமீபத்தில் அறிந்ததில்லை.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் கோமதி.

"என் ரத்தமில்லட்டி. உன்னது. பாரு, நின்னுட்டு."

கோமதி பார்த்தாள்.

பார்த்த பிறகும் பிடியை விடவில்லை. முகத்தை அம்மாவின் தோளில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, அந்தக் கையை விடாமலே, தன் மற்றக் கையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.