தொட்டாற்சிணுங்கிக்குக் கிடைத்த வேலை

களைத்துப்போன காட்டுப் பிராணிகள் தொட்டும் முகர்ந்தும் மனசு ஆறட்டும் என்று வாத்து ஓர் அமைதித் தோட்டம் போட்டது. செடிகளைத் தானே தேர்ந்தெடுத்தது.

மல்லிகையிடம், "உன் வாசனை தலைவலி கொடுக்கும், வேண்டாம்" என்றது. மூங்கிலிடம், "ஓயாமல் சலசலக்கிறாய்" என்று அது கத்திய கத்தலில் மூங்கிலின் சலசலப்பே கேட்கவில்லை. கடைசியாகத் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டது. இலைகள் மூடிக்கொண்டன.

"என்ன அடக்கம்! நீதான் வேண்டும்."

தொட்டாற்சிணுங்கிக்குப் பெருமை தாங்கவில்லை.

திறந்த அன்றே முயல் தொட்டது, குரங்கு தொட்டது, கரடி தன் குட்டிகளைத் தூக்கித் தூக்கித் தொட வைத்தது. இலை விரிவதற்குள் அடுத்த கை வந்தது. வெயில் குடிக்க நேரமில்லாமல் நாலே நாளில் செடி மஞ்சளாய்ப் பழுத்துப்போனது.

"கொஞ்ச நேரம் தொடாமல் இருக்கச் சொல்லுங்களேன்" என்று வாத்திடம் கெஞ்சியது.

"வருகிறவர்களிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற செடி அமைதிக்கு ஆகாது" என்று வாத்து அதைப் பிடுங்கிக் குப்பைமேட்டுக்குப் பின்னால் எறிந்தது.

அங்கே அது வேர்விட்டு, ஒரே மாதத்தில் எல்லா இலைகளையும் விரித்துக் கிடந்தது. தோட்டத்துக் கூச்சல் பொறுக்காமல் வந்த கிழட்டுக் கழுதை பக்கத்தில் படுத்து, தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. கழுதைக்கு வெகுநாள் கழித்துத் தூக்கம் வந்தது.

வாத்து இதைப் பார்த்துவிட்டது. "இங்கேயும் ஒரு கிளை திறக்கலாம் போலிருக்கிறதே" என்று இடத்தை அளந்தபடி நெருங்கியது.

வாத்து இன்னும் தொடவே இல்லை. இலைகள் மூடிக்கொண்டன. கழுதையும் எழுந்து நடந்தது.